கால் மைல் சாராயம்

தலைப்பைப் பார்த்துவிட்டு டாஸ்மாக் பற்றிய பதிவு என்று ஆசையாக வந்தவர்கள் இப்போதே திரும்பிவிடலாம். இது அமெரிக்கக் கார் பந்தயக் கதை. சாராயம் நிஜமாகவே வருகிறது, ஆனால் குடிப்பது எஞ்சின்.

பி.காம் படிக்கிற ஆளுக்கு எஞ்சினில் என்ன வேலை என்று வகுப்பில் கேட்பார்கள், தெரியும். இந்தக் கதையில் பாதிதான் எஞ்சின். மீதிப் பாதி வரி, மானியம், விலை, வாடிக்கையாளர். அரசாங்கம் சட்டம் போட்டு ஒரு பொருளைச் சந்தைக்குக் கொண்டுவருகிறது. யாருக்காகக் கொண்டுவந்ததோ அவர்கள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. சட்டம் எழுதியவர்கள் கனவிலும் நினைக்காத ஒரு கூட்டம் டப்பாவும் டிரம்முமாக வந்து அள்ளிக்கொண்டு போனது. மார்க்கெட்டிங் பாடத்தில் இதை ஏன் வைக்கவில்லை என்று எனக்கு ஆச்சரியம்.

முதலில் டிராக் ரேஸ் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம். நேரான தடம், இரண்டு கார், கால் மைல் தூரம். அதாவது 1,320 அடி, நம் கணக்கில் 402 மீட்டர். வளைவே கிடையாது. விளக்கு பச்சையானதும் மிதிக்க வேண்டியதுதான். பத்து, பதினைந்து நொடியில் கதை முடிந்துவிடும்.

1930களில் கலிஃபோர்னியாவில் மூராக், எல் மிராஜ் போன்ற வறண்ட ஏரிப் படுகைகளில் பழைய ஃபோர்டு கார்களைக் கழற்றிப் பூட்டி வேகம் பார்த்த இளைஞர்கள்தான் இதற்கு முன்னோடிகள். போர் முடிந்து திரும்பியவர்கள் கையில் கொஞ்சம் காசும் நிறைய மெக்கானிக் அறிவும் இருந்தது. அவர்கள் ஊர்ச் சாலைகளிலேயே ஓட்ட ஆரம்பித்தார்கள், போலீஸ் துரத்தியது. 1950இல் சான்டா அனா விமான ஓடுதளத்தில் சி.ஜே. ஹார்ட் என்பவர் முறையாகக் கட்டணம் வாங்கி பந்தயம் நடத்தத் தொடங்கினார். 1951இல் 'ஹாட் ராட்' பத்திரிகையின் ஆசிரியர் வாலி பார்க்ஸ், என்எச்ஆர்ஏ என்ற சங்கத்தைத் தொடங்கினார். தெருவில் ஓட்டிச் சாகிற பையன்களை தடத்துக்குக் கூட்டி வருவதுதான் நோக்கம். சங்கத்தின் முதல் தேசியப் போட்டி 1955இல் கான்சாஸ் மாநிலத்தின் கிரேட் பெண்ட் ஊரில் நடந்தது. சுற்றிலும் வயல்காடு. இந்த வயல்காட்டை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

டிவியில் காட்டுவது நைட்ரோமீத்தேன் ஊற்றி 11,000 குதிரைத்திறனில் நெருப்பு கக்கும் தொழில்முறை வண்டிகளை. நான் சொல்லப்போவது அவர்களைப் பற்றி இல்லை. வாரம் முழுக்க வேலை பார்த்துவிட்டு, வெள்ளி இரவு சொந்தக் காரில் வந்து நுழைவுக் கட்டணம் கட்டி ஓட்டிப் பார்க்கிறவர்களைப் பற்றி. இவர்களுக்காகவே 'பிராக்கெட்' பந்தயம் என்று ஒன்று உண்டு. என் கார் 13.50 நொடியில் ஓடும் என்று நான் முன்கூட்டியே சொல்லி கண்ணாடியில் எழுதி ஒட்ட வேண்டும். எதிராளி 11 நொடி என்றால் எனக்கு இரண்டரை நொடி முன்னாலேயே பச்சை விளக்கு விழும். சொன்ன நேரத்தைவிட வேகமாக ஓடினால் பெரும்பாலும் தோல்விதான்! ஆக, பணக்காரனின் காரும் பழைய ஸ்டேஷன் வேகனும் ஒரே தடத்தில் மோதலாம். எனக்கு இந்த விளையாட்டில் மிகவும் பிடித்த விதி இதுதான்.

ஆனால் விதி எவ்வளவு நியாயமாக இருந்தாலும் எரிபொருள் செலவு நியாயம் பார்க்காது. அங்கேதான் நம் கதை ஆரம்பம்.

எஞ்சினில் அதிக சக்தி வேண்டுமென்றால் காற்றையும் எரிபொருளையும் இறுக்கி அமுக்க வேண்டும். அதற்கு கம்ப்ரஷனைக் கூட்டலாம், அல்லது டர்போ போட்டுக் காற்றைத் திணிக்கலாம். ஓர் அளவுக்கு மேல் அமுக்கினால் ஸ்பார்க் பிளக் பற்றவைத்த தீ வந்து சேரும் முன்பே மிச்சமிருக்கும் கலவை தானாக வெடிக்கும். 'டக் டக்' என்று தட்டும் சத்தம், நாக்கிங். கொஞ்ச நேரம் விட்டால் பிஸ்டனில் ஓட்டை. இதைத் தாங்கும் திறனைத்தான் ஆக்டேன் எண் சொல்கிறது. ஆக, பந்தயக்காரன் விலை கொடுத்து வாங்குவது பெட்ரோலை அல்ல, ஆக்டேனை.

எத்தனாலுக்கு, அதாவது நம் எரிசாராயத்துக்கு, இந்தக் குணம் பிறவியிலேயே அதிகம். இது புதுக் கண்டுபிடிப்பும் இல்லை. அமெரிக்காவில் உள்நாட்டுப் போர்ச் செலவுக்காக 1860களில் சாராயத்தின் மேல் போட்ட வரியை, தொழில் உபயோகத்துக்கு மட்டும் 1906இல் நீக்கினார்கள். காரணங்களில் ஒன்று, விவசாயிகள் அதை எஞ்சின் எரிபொருளாக விற்கலாம் என்பது. 1920களின் தொடக்கத்தில் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் நாக்கிங்குக்கு மருந்து தேடியபோது, அங்கிருந்த கெட்டரிங்குக்கும் தாமஸ் மிட்க்லிக்கும் ஆல்கஹால் வேலை செய்யும் என்று நன்றாகவே தெரியும். ஆனால் 1921 டிசம்பரில் மிட்க்லி டெட்ராஎத்தில் லெட் என்ற ஈயக் கலவையைக் கண்டுபிடித்தார். ஒரு கேலனுக்குச் சில கிராம் போதும். காப்புரிமையும் வாங்கலாம். எத்தனாலை நிலமும் அடுப்பும் உள்ள எவனும் காய்ச்சிவிடுவான், அதற்கு யார் காப்புரிமை தருவார்கள்? 1923இல் ஈய பெட்ரோல் விற்பனைக்கு வந்தது. 1924இல் நியூஜெர்சி ஆலையில் ஈய நச்சால் தொழிலாளர்கள் இறந்தார்கள். விற்பனையைக் கொஞ்ச நாள் நிறுத்தினார்கள், விசாரணை வைத்தார்கள், 1926இல் மறுபடி விற்றார்கள். (எங்கள் பிசினஸ் எதிக்ஸ் பேப்பரில் இதைவிடச் சிறிய விஷயத்துக்குப் பத்து மார்க் கேள்வி கேட்கிறார்கள்.)

1930களில் அதே கான்சாஸ் மாநிலத்தின் அட்சிசன் ஊரில் 'அக்ரால்' என்ற பெயரில் சாராயம் கலந்த பெட்ரோலை விற்றுப் பார்த்தார்கள். பஞ்சக் காலத்தில் விவசாயிக்கு வருமானம் தரும் திட்டம். விலையில் போட்டி போட முடியாமல் சில வருடங்களில் மூடிவிட்டார்கள்.

அதனால் 1950, 60களின் டிராக் ரேஸ் பையன்கள் ஈயத்தில்தான் வளர்ந்தார்கள். அப்போது அது ஒரு பிரச்சனையாகத் தெரியவில்லை, சந்தோஷம்தான். ஊர் பங்க்கிலேயே நூறை ஒட்டிய ஆக்டேன் கிடைத்தது. சுனோகோ பங்க்கில் 260 என்ற எண்ணைத் திருகினால் உச்சரக பெட்ரோல் வரும். அதை ஊற்றித்தான் அந்தக் காலத்து மஸில் கார்கள் ஓடின. வீட்டிலிருந்து தடத்துக்கு ஓட்டி வந்து, பந்தயம் விட்டு, அதே காரில் வீடு திரும்பலாம்.

1970களில் இது முடிந்தது. 1975 மாடல் முதல் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வர்ட்டர் வந்தது. அதற்கு ஈயம் ஆகாது. பங்க் பெட்ரோலின் ஆக்டேன் இறங்கியது. 1996 ஜனவரி முதல் சாலை வண்டிகளுக்கு ஈய பெட்ரோல் முழுத் தடை. பந்தய வண்டிகளுக்கு மட்டும் விலக்கு. ஆக, பங்க்கில் கிடைத்த சரக்கு தடத்தின் ஓரத்தில் இருக்கும் டிரம்முக்குப் போனது. விலை சாதா பெட்ரோலைப் போல இரண்டு, மூன்று மடங்கு, சில சமயம் அதற்கும் மேல். அதோடு, ஈயமும் தொடர்ந்தது. நாஸ்கார் தன் முதன்மைப் பந்தயத்தில் ஈயத்தை விட்டதே 2007இல்தான். நாஸ்கார் தடங்கள் இருக்கும் பகுதிகளை வைத்துப் பொருளாதார ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வு, ஈயம் நின்ற பிறகு அந்த வட்டாரத்து முதியவர்களின் இறப்பு விகிதம் குறைந்ததாகக் கண்டது. டிராக் தடத்திலோ சனிக்கிழமை இரவு முழுக்க பிட்டில் நின்று ஸ்பானர் எடுத்துக் கொடுப்பது அந்தக் காரை ஓட்டுபவரின் பிள்ளைகள்.

சரி, இப்போது வரிக் கதைக்கு வருவோம். ரசாயனத்தை விட எனக்கு இதுதான் சுவாரசியம்.

1973இல் அரபு நாடுகள் எண்ணெயை நிறுத்தியதும் அமெரிக்காவுக்குச் சோளம் நினைவுக்கு வந்தது. 1978இல் 10 சதவீத எத்தனால் கலந்த பெட்ரோலுக்கு, அதிலுள்ள எத்தனால் கேலன் ஒன்றுக்கு 40 சென்ட் மதிப்புள்ள வரிவிலக்கு என்று ஆரம்பித்தார்கள். அது விதவிதமாக உருமாறி, 2004இல் கலக்கும் நிறுவனத்துக்கு எத்தனால் கேலன் ஒன்றுக்கு 51 சென்ட் வரித்தள்ளுபடி ஆனது. 2009இல் 45 சென்ட். 2011 டிசம்பர் 31 அன்று முடிவுக்கு வந்தது. கடைசிக் காலத்தில் வருடத்துக்குச் சுமார் 600 கோடி டாலர் கருவூலத்துக்கு நஷ்டம். 2005, 2007 சட்டங்கள் இவ்வளவு எத்தனால் கலந்தே ஆக வேண்டும் என்று எண்ணிக்கையே போட்டுவிட்டன.

இதற்கு நடுவில் 1988இல் இன்னொரு சட்டம். 85 சதவீதம் வரை எத்தனால் உள்ள இ85இலும் ஓடக்கூடிய கார்களைச் செய்தால், கார் கம்பெனிகளுக்கு மைலேஜ் கணக்கில் சலுகை. அந்தக் கார் பாதி நேரம் இ85 குடிக்கிறது என்று வைத்துக்கொண்டு, இ85இன் ஒரு கேலனில் 0.15 கேலன்தான் பெட்ரோல் என்று போட்டுக் கணக்கிடுவார்கள். விளைவு, லிட்டருக்கு ஒன்றுமே தராத பெரிய எஸ்யூவி காகிதத்தில் நல்ல பிள்ளையாகிவிடும். கம்பெனிகள் லட்சக்கணக்கில் இந்த 'ஃப்ளெக்ஸ்' வண்டிகளை விற்றன. வாங்கியவர்களில் பலருக்குத் தன் வண்டி அப்படிப்பட்டது என்பதே தெரியாது. அதற்காக டேங்க் மூடிக்கு மஞ்சள் நிறம் அடித்து நினைவூட்ட வேண்டியிருந்தது!

தெரிந்தவர்களும் ஊற்றவில்லை. ஏன் ஊற்ற வேண்டும்? ஒரு லிட்டர் எத்தனாலில் இருக்கும் சக்தி பெட்ரோலில் மூன்றில் இரண்டு பங்குதான். இ85 ஊற்றினால் மைலேஜ் 25, 30 சதவீதம் குறையும். விலை அந்த அளவுக்குக் குறைவாக இருந்தால்தான் கட்டும், பெரும்பாலும் இருக்காது. (நம் ஊரில் 2025இல் இ20 பெட்ரோல் பற்றி எழுந்த மைலேஜ் புலம்பலை நினைத்துக்கொள்ளுங்கள், அது வெறும் 20 சதவீதத்துக்கே.) குடும்பத் தலைவரின் கணக்கில் இ85 நஷ்டம். கதை அத்தோடு முடிந்திருக்க வேண்டும்.

2000களின் நடுவில் மத்திய மேற்கு மாநிலங்களின் பங்க்குகளில் மஞ்சள் குழாய்கள் பெருகியபோது, டிராக் தடத்துக்காரர்கள் அதே பலகையை வேறு கண்ணோடு பார்த்தார்கள். அவர்கள் மைலேஜ் பார்ப்பதே இல்லை. 402 மீட்டர் ஓட எவ்வளவு எரிபொருள் போய்விடும்? ஆக்டேனைப் பார்த்தார்கள். நூறைத் தாண்டுகிறது. விலையைப் பார்த்தார்கள். சாதா பெட்ரோலைவிடக் கம்மி. ஒரே பொருள்தான், ஒருவருக்கு அது மட்டமான பெட்ரோல், இன்னொருவருக்கு அடிமாட்டு விலையில் ரேஸ் ஃப்யூல்.

ஆக்டேன் மட்டுமில்லை. கையில் சானிடைசர் ஊற்றினால் ஜில்லென்று இருக்கிறதல்லவா? ஆல்கஹால் ஆவியாகும்போது வெப்பத்தை இழுத்துக்கொள்கிறது. எத்தனால் இழுக்கும் வெப்பம் கிலோவுக்குக் கிலோ பெட்ரோலைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அதோடு, ஒரு கிலோ எரிபொருளுக்கு பெட்ரோல் 14.7 கிலோ காற்று கேட்கும், இ85 சுமார் 9.8 கிலோதான் கேட்கும். அதாவது அதே காற்றுக்கு அதிக எரிபொருள் உள்ளே போகிறது, அவ்வளவும் ஆவியாகிக் குளிரவைக்கிறது. டர்போ தள்ளும் கொதிக்கும் காற்றுக்கு இது ஓசி ஏசி. இதில் ஒரு வேடிக்கை, ஒரு கிலோ காற்றைக் கொண்டு எரித்தால் இரண்டு எரிபொருளும் தரும் வெப்பம் கிட்டத்தட்ட சமம். லாபம் எங்கே என்றால், நாக்கிங் பயமில்லாமல் டர்போவின் அழுத்தத்தைக் கூட்டலாம், ஸ்பார்க்கை முன்னதாகக் கொடுக்கலாம். 2007இல் ஸ்வீடனின் கோனிக்செக் நிறுவனம் 806 குதிரைத்திறன் காரை எத்தனாலுக்கு மாற்றி 1,018 என்று விற்றபோது, தடத்தோர மெக்கானிக்குகள் பேசிக்கொண்டிருந்தது உலகத்துக்கே தெரிந்தது.

செலவு இல்லாமல் இல்லை. அதிக எரிபொருள் பாய பெரிய இன்ஜெக்டர், பெரிய பம்ப் வேண்டும். கார்புரேட்டர் வண்டி என்றால் உள்ளே துளைகளைப் பெரிதாக்க வேண்டும், பிறகு கம்பெனிகளே இ85 கார்புரேட்டர் செய்து விற்றன. பழைய ரப்பர் குழாய்கள் கெட்டுவிடும். குளிரில் ஸ்டார்ட் ஆக அடம் பிடிக்கும். ஆனாலும் பழைய இரும்புக் கடையில் செவ்ரலே பிக்கப்பின் 5.3 லிட்டர் வி8 எஞ்சினை வாங்கி, விலை குறைந்த டர்போ ஒன்றை மாட்டி, இ85 ஊற்றினால், பத்து வருடம் முன்பு பெரும் பணம் கேட்ட வேகம் ஒரு சம்பளக்காரரின் கைக்குள் வந்துவிட்டது. 'ஏழையின் ரேஸ் ஃப்யூல்' என்று அவர்களே பெயர் வைத்தார்கள். ஈயம் உடம்புக்குக் கெடுதல் என்று யாரும் பிரச்சாரம் செய்து இவர்கள் மாறவில்லை. டிரம்மைவிடக் குழாய் மலிவு, மாறிவிட்டார்கள்.

'ஹாட் ராட்' பத்திரிகை 2005இல் தொடங்கிய டிராக் வீக் என்ற போட்டியைச் சொல்ல வேண்டும். ஒரு வாரத்தில் பல தடங்களில் ஓட்ட வேண்டும், ஒரு தடத்திலிருந்து அடுத்ததற்கு அதே காரைப் பொதுச் சாலையில் ஓட்டிப் போக வேண்டும். மொத்தம் ஆயிரம் மைல் போல. டிரம்மைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாத இந்த மாதிரி ஆட்டத்துக்கு வழியில் பங்க்கில் கிடைக்கும் ரேஸ் ஃப்யூல் வரம். 1960களின் அந்தப் பழைய சுகம், தடத்துக்கு ஓட்டி வந்து அதிலேயே வீடு திரும்புவது, திரும்பக் கிடைத்தது.

இதே வித்தையை பிரேசில்காரர்கள் முன்பே செய்துகொண்டிருந்தார்கள். அங்கே 1975இல் கரும்புச் சாராயத் திட்டம், 1979இல் சாராயத்தில் மட்டும் ஓடும் ஃபியட் 147. எல்லா பங்க்கிலும் ஆல்கஹால் குழாய் இருந்ததால், டர்போ போட்ட ஃபோக்ஸ்வாகன் கோல் கார்களை அதில் ஓட்டுவது அவர்களுக்குச் சாதாரணம். போர்ட்டோ அலெக்ரியில் 2003இல் தொடங்கிய ஃப்யூல்டெக் என்ற எஞ்சின் கணினிக் கம்பெனி பிறகு அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலேயே கடை விரித்தது. சாராய அனுபவத்தை ஏற்றுமதி செய்திருக்கிறார்கள், பாருங்கள்.

எல்லாம் சரி, மானியம் யார் காசு என்று ஒரு வணிகவியல் மாணவன் கேட்காமல் விடக்கூடாது. அமெரிக்க மக்காச்சோளத்தில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் எத்தனால் ஆலைக்குப் போகிறது (மிச்சம் வரும் சக்கை மாட்டுத் தீவனமாகத் திரும்புகிறது என்பதையும் சொல்லிவிட வேண்டும்). 2007 ஜனவரியில் சோளம் விலை ஏறி மெக்சிகோவில் ரொட்டிக்காக மக்கள் தெருவில் இறங்கினார்கள். அந்தப் பழியை டிராக் ரேஸ்காரர்கள் மேல் போட முடியாது, அவர்கள் வாங்குவது கடலில் ஒரு சொட்டு. ஆனால் வரி கட்டியவர்கள் அவர்கள் பொழுதுபோக்குக்கும் கொஞ்சம் கொடுத்திருக்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்த மொத்தத் திட்டத்தில் வாங்கின சரக்கின் அருமை தெரிந்து வாங்கியவர்கள் இவர்கள்தான். மானியம் நின்ற பிறகும் இவர்கள் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

2023இல் டாட்ஜ் கம்பெனி சாலஞ்சர் டீமன் 170 என்று ஒரு காரை வெளியிட்டது. இ85 ஊற்றினால் 1,025 குதிரைத்திறன், கால் மைல் 8.91 நொடி. 170 என்ற பெயர் எங்கிருந்து வந்தது தெரியுமா? அமெரிக்காவில் சாராயத்தின் காரத்தை 'ப்ரூஃப்' என்று அளப்பார்கள், சதவீதத்தைப் போல இரண்டு மடங்கு. 85 சதவீதம் என்றால் 170 ப்ரூஃப். மொத்தம் 3,300 கார்தான், ஆரம்ப விலை 96,666 டாலர். ஏழையின் ரேஸ் ஃப்யூல் ஷோரூமுக்குப் போன கதை இது.

பழைய இரும்புக் கடை எஞ்சின்காரர்களுக்கு அதெல்லாம் எட்டாது. அவர்களுடைய கவலை வேறு. குழாயில் இ85 என்று எழுதியிருந்தாலும் உள்ளே 85 இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. குளிரில் வண்டி கிளம்ப வேண்டும் என்பதற்காக விதிமுறையே 51 முதல் 83 சதவீதம் வரை அனுமதிக்கிறது. 80க்கு டியூன் செய்த எஞ்சினில் 60 ஊற்றினால் நாக்கிங் திரும்ப வரும். அதனால் கோடு போட்ட கண்ணாடிக் குழாயில் கொஞ்சம் தண்ணீர், கொஞ்சம் இ85 ஊற்றிக் குலுக்குவார்கள். சாராயம் தண்ணீரோடு சேர்ந்து கீழே போகும், பெட்ரோல் மேலே மிதக்கும், கோட்டைப் பார்த்துச் சதவீதம் கணக்கிடலாம். காசு உள்ளவர்கள் அதை அளந்து கணினிக்குச் சொல்லும் சென்சார் போட்டுக்கொள்கிறார்கள். இல்லாதவர்கள் கோடை சரக்கு இருக்கும்போதே பங்க்குக்குப் போய், குளிர்காலத்துக்கு வேண்டியதை டிரம்மில் பிடித்து, ஈரம் ஏறாமல் இறுக்கி மூடி, கேரேஜ் மூலையில் வைத்துவிடுகிறார்கள்.